முன்னுக்குப் போன மீன்

கண்ணாடிக்கடைக்காரன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அது யார் கண்ணிலும் படாது. தச்சன் கதவு செய்தால் தடவிப் பார்ப்பார்கள். மேசன் சுவர் கட்டினால் தட்டிப் பார்ப்பார்கள். நான் ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டால், அதற்கு அப்பால் நிற்கும் மாமரத்தைப் பார்த்து "இந்த முறை நல்லாக் காய்ச்சிருக்கு" என்பார்கள். எத்தனையோ வருடமாகச் சாமிப் படத்துக்கும், செத்தவர் படத்துக்கும், மீன்தொட்டிக்கும், அலுமாரித் தட்டுக்கும் கண்ணாடி வெட்டுகிறேன். சாமியைக் கும்பிடுகிறார்கள், செத்தவரை நினைத்து அழுகிறார்கள், மீனை எண்ணுகிறார்கள். கண்ணாடி உடைந்தால் மட்டும் அதைப் பார்ப்பார்கள். அப்போது என்னையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு தடவையாவது நாலு பேர் நின்று நான் செய்த கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பொருமல் இருந்துகொண்டே இருந்தது. மனைவியிடம் சொன்னால், "பார்த்து என்ன செய்யிற? திங்கவா?" என்பாள். நான் இருப்பது அவளுடைய ஊரில், அவளுடைய வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவான். நான் குருக்கள்மடத்திலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு கண்ணாடி கட்டரோடும் வந்தேன். அன்றிலிருந்து ஊர்ப் பெரியவர்கள் எல்லாருக்கும் நான் மருமகன். தலை வழுக்கை விழுந்த பிறகும் மருமகன்தான்.

ஊர்ச் சபைக்கு வாவிக் கரையில் புதுக் கட்டடம் எழும்பியது. ஜன்னல் கண்ணாடிக்குச் சொல்லச் சபைத் தலைவரான தவிசாளர் கடைக்கு வந்தார். என்னைவிட இளையவர், வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர்.

"வாசல் மண்டபத்தில பெரிய மீன் ஒண்டும் கட்டப் போறம் அண்ணன். சீமெந்தில."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அது லேசில் வரும். சந்திக்குச் சந்தி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் சீமெந்து மீன்கள் இந்த ஊருக்குப் போதாதா? மழைக்குச் சாயம் உரிந்து, பார்க்கிறவனுக்கே மீன் வெறுத்துப்போகும்.

"கண்ணாடியில செய்வம்," என்றேன்.

"உடைஞ்சா?"

"உடையும் எண்டு பயந்தா நீங்க ஜன்னலுக்கும் பலகைதான் போட வேணும்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சரி என்றும் சொல்லிவிட்டார். அவர் போன பிறகுதான் எனக்குக் கண்ணாடியில் மீன் செய்யத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

ஜன்னல் கண்ணாடியை நேராகப் பார்த்தால் நிறமில்லை. அதன் விளிம்பைப் பாருங்கள், பச்சையாக இருக்கும். வாவியில் கண்டல் மர நிழல் விழுந்த இடத்துத் தண்ணீர்ப் பச்சை. அதை வைத்துத்தான் யோசித்தேன். மீன் வடிவத்தில் தகடு தகடாக வெட்டி, நடுவில் பெரியதும் இரண்டு பக்கமும் போகப்போகச் சிறியதுமாக ஒட்டினால் உடம்பு திரண்டு வரும், விளிம்பெல்லாம் செதில் செதிலாகப் பச்சை தெரியும். வெயில் பட்டால் இறுகும் பசை ஒன்று இருக்கிறது. அதனால் ஒட்டியதையெல்லாம் முற்றத்தில் வைத்தேன். ஒரு பாயில் மனைவியின் மீன்கள் கருவாடாகக் காய்ந்தன, பக்கத்து மேசையில் என்னுடைய மீன்கள் காய்ந்தன. காகம் அவளுடையதற்குத்தான் வந்தது.

"காகத்துக்கு விளங்குது," என்றாள்.

முதல் செய்த மீன் ஆகப் பெரியது. உள்ளதைச் சொன்னால் ஆக மோசமானதும் அதுதான். வயிற்றுப் பக்கம் பசைக்குள் காற்று மாட்டிக் குமிழ் குமிழாக நின்றது. போகப்போகக் கை பழகியது. ஏழாவது மீனைச் செய்யும்போது மிச்சத் துண்டுகள்தான் இருந்தன, அதனால் அது சின்னது. ஆனால் அதில் ஒரு குறை சொல்ல ஏலாது. மற்ற ஆறுக்கும் நான் கண் வைக்கவில்லை. எப்படி வைத்தாலும் சந்தையில் கிடக்கும் மீன் போல முழித்தன. ஏழாவதற்குக் கண் வேண்டும் என்று தோன்றியது. நல்ல, சுத்தமான, வளைவான ஒரு சின்ன வில்லை வேண்டும். அப்படி ஒன்று வீட்டிலேயே இருந்தது. மனைவி ஊசியில் நூல் கோக்கும்போது போடும் பழைய மூக்குக்கண்ணாடி. இப்போது வருவது போலப் பிளாஸ்டிக் கிடையாது, அசல் கண்ணாடி.

ஒரு வாரம் தையல் பெட்டியைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடினாள்.

"எலி இழுத்திருக்கும்," என்றேன்.

"எலிக்கும் வெள்ளெழுத்து வந்திட்டா?" என்று கேட்டுவிட்டுத் தேடுவதை நிறுத்தினாள்.

சபை மண்டபத்தில் ஏழு கம்பிகளை நட்டு மீன்களை ஏற்றினேன். பின்சுவரோரம் சின்ன மீன், அங்கிருந்து வாசலை நோக்கி ஒவ்வொன்றாக உயர்ந்துபோய், எல்லாவற்றுக்கும் மேலே வாவியைப் பார்த்தபடி முதல் மீன். குமிழ் விழுந்த வயிறு கீழே இருந்து பார்த்தால் தெரியாது என்பதற்காகத்தான் அதை அவ்வளவு உயரத்தில் வைத்தேன். சின்ன மீனை மட்டும் கொஞ்சம் திருப்பி, பக்கவாட்டில் வெயில் படுகிற மாதிரி வைத்தேன். கூட்டத்தோடு போவதா விடுவதா என்று யோசிக்கிற மீனாக அது நின்றது.

கீழே இறங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்து பார்த்தவன் சபைக் காவலாளி. நன்றாகப் பார்த்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அண்ணன்," என்றான், "முன்னுக்குப் போற மீன் எந்தக் குடி?"

நான் மீன்களை ஒருதரம் எண்ணினேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஏழு குடி. குடி என்பது தாய்வழியில் வரும் வம்சம். என் வீட்டிலேயே மனைவியும் பிள்ளைகளும் ஒரு குடி, நான் தனியாக இன்னொரு குடி. திருவிழாவில் எந்தக் குடிக்கு எத்தனையாம் நாள், பூசை முடிந்து வெற்றிலையும் பழமும் வைத்த காளாஞ்சித் தட்டு முதலில் யார் கைக்குப் போகும், அடுத்தது யார் என்பதெல்லாம் காலங்காலமாக இருக்கும் வரிசை. அந்த வரிசையில் ஒருவர் அரை அடி முன்னுக்கு நின்றுவிட்டார் என்று பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். இந்த ஊர்ச் சோற்றைத் தின்றுகொண்டு நான் ஏழு மீனை வரிசையாக நட்டு வைத்திருக்கிறேன். ஒற்றைப்படையாக இருந்தால் பார்வைக்கு நல்லது, ஐந்து காணாது, ஒன்பதுக்குக் கண்ணாடி போதாது. சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். யார் நம்புவார்கள்?

அன்று பொழுது சாயமுன் கோயில் காரியங்களுக்கெல்லாம் பொறுப்பான வண்ணக்கர் வந்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மருமகன், இது என்ன?"

"மீன் மாமா."

"மீன் எண்டு தெரியுது. முன்னுக்குப் போறது ஆர்?"

"அதுவும் மீன்தான் மாமா."

"ஏழும் மீன்தான். நாங்க ஏழு பேரும் மனிசர்தான். காளாஞ்சி குடுக்கக்குள்ள ஒருத்தர்தானே முன்னுக்கு வாறார்?"

அவருக்குப் பின்னால் மற்றக் குடிகளின் பெரியவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். என் தாயின் குடியை முன்னுக்கு வைத்துவிட்டேன் என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். பெண்சாதிக்குப் பயந்து அவளுடைய குடியை வைத்தேன் என்று மிச்சப்பேர் சொன்னார்கள். என்னை நன்றாக அறிந்தவர்கள் இரண்டாவது கட்சியில் இருந்தார்கள்.

தவிசாளர் வெளுத்த முகத்தோடு வந்தார்.

"அண்ணன், ஆறாக் குறைங்க. இல்லாட்டி எட்டாக் கூட்டுங்க."

"எட்டாவது குடிக்கு நான் எங்க போற?"

"அப்ப ஒண்டை மட்டும் வைப்பம்."

"எந்த ஒண்டை?"

அவர் சட்டைக் கையைக் கசக்கினார். அந்தச் சட்டை கசங்கி நான் பார்த்தது அன்றுதான். "திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கு," என்றார். "அதுக்குள்ள ஏழு பேரும் சரி எண்டு சொல்ல வேணும். இல்லாட்டி நான் சீமெந்து மீனைத்தான் கட்டுவன்."

அடுத்த நாள் கட்டடத்தின் பக்கத்தில் ஒரு குவியல் மணல் கொட்டப்பட்டிருந்தது. என் கண்ணாடியைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு சீமெந்து வாய் பிளந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு இந்த ஊரில் நான் இருக்க மாட்டேன் என்று நினைத்தேன். குருக்கள்மடத்துக்குத் திரும்பிப் போகலாம் என்றால் அங்கே வீடு அக்காவுடையது.

பொய் சொல்லும் எண்ணம் எனக்கு முதலில் இருக்கவில்லை. ஒரு குடியின் பெரியவர் ஒரு பழைய படத்துக்குச் சட்டம் போடக் கடைக்கு வந்தார். பலகை வாங்கில் உட்கார்ந்து, "எங்கட ஆக்களுக்கு எப்பவும் பின்னுக்குத்தான் மனே," என்று பெருமூச்சு விட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வாய் தன்பாட்டில் அவிழ்ந்தது.

"ஆருக்கும் சொல்லாதேங்க மாமா. முன்னுக்குப் போறது உங்கடதான்."

அந்த மனிதர் எழும்பிப் போன நடையைப் பார்த்திருக்க வேண்டும். வரும்போது ஊன்றிக்கொண்டு வந்த குடையை விரலில் சுழற்றிக்கொண்டு போனார். ஒருவரிடம் சொன்ன பிறகு மற்ற ஆறு பேரிடமும் சொல்வது பெரிய வேலையில்லை. ஒரே வசனம், ஒரே தாழ்ந்த குரல். இந்த ஊரில் ஒரு ரகசியம் சந்தி தாண்டும்வரை தாங்காது. இது தாங்கியது. வெளியே விட்டால் மற்றவன் சண்டை பிடித்து மீனை மாற்ற வைத்துவிடுவான் என்று ஏழு பேருக்கும் ஒரே பயம்.

வண்ணக்கரைக் கடைசியாகத்தான் பிடித்தேன். கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்," என்றார்.

"எப்பிடி மாமா?"

"அந்த மீன்ட நெஞ்சு நிமிர்வைப் பார்க்கவே தெரியுது."

ஒரே கிழமையில் ஏழு பேரும் தவிசாளரிடம் தனித்தனியாகப் போய், தங்களுக்கு ஆட்சேபனை இல்லை, மற்றவர்களுடைய மனம் நோகாமல் வரிசையை அப்படியே விடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பிடி அண்ணன் செய்தீங்க?" என்று கேட்டார். "விளக்கிச் சொன்னன்," என்றேன்.

வீட்டில்தான் கையும் களவுமாகப் பிடிபட்டேன். அக்கா போன் எடுத்து, எங்களுடைய குடி எத்தனையாவது என்று கேட்டாள். "முன்னுக்கு அக்கா, வேற எங்க?" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் மனைவி சம்பல் கிண்ணத்தோடு பின்னால் நிற்கிறாள். முதல் நாள்தான் அவளிடம் அது அவளுடைய குடி என்று சொல்லியிருந்தேன்.

"நீங்க பொய் சொல்லக்குள்ள மூக்கைச் சொறிவீங்க," என்றாள். "நேத்தும் சொறிஞ்சீங்க. நான் அப்பவே நம்பல்ல."

யாரிடமும் அவள் காட்டிக்கொடுக்கவில்லை. அதன் பிறகு நான் எதற்காவது முறுக்கிக்கொண்டால் போதும், தன் மூக்கை மெல்லச் சொறிவாள். நான் அடங்கிவிடுவேன்.

திறப்பு விழா பின்னேரத்தில் நடந்தது. வெயில் வாவித் தண்ணீரில் பட்டு வாசலால் உள்ளே வந்தது. சும்மா சொல்லக் கூடாது, மீன்கள் ஏழும் பச்சையாக எரிந்தன. ஏழு பெரியவர்களும் வெள்ளை வேட்டியோடு முதல் மீனுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஏழு வாயிலும் ஒரே ரகசியச் சிரிப்பு. அன்று அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதை! "நீங்க முன்னுக்கு வாங்க." "இல்ல, நீங்க வாங்க." வென்றவனுக்குத்தானே விட்டுக்கொடுக்க மனம் வரும்.

நான் தூணோரம் நின்று முகங்களைப் பார்த்தேன். எவ்வளவு காலம் காத்திருந்த காட்சி. முதல் மீனைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு சிற்றுண்டிப் பெட்டியை வாங்கப் போனார்கள். மற்ற மீன்கள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. நான் செய்ததிலேயே ஆக மோசமானதை ஊரே கொண்டாடியது. ஆக நல்லது அறிவித்தல் பலகைக்குப் பக்கத்தில், சுவரோரம் தனியாக நின்றது. எனக்குத் துக்கமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவும் முடியாது, ஏனென்றால் முன் மீனைப் பற்றி அந்தப் பொய்யைக் கட்டியதே நான்தான்.

வைகாசியில் கோயில் திருவிழா தொடங்கியது. தொடக்க நாள் காலையில் காவலாளி போன் எடுத்தான். "அண்ணன், கெதியா வாங்க. முன்னுக்குப் போன மீன் போயிட்டு."

போய்ப் பார்த்தால் தரையெல்லாம் கண்ணாடி. அதற்கு நடுவில் பூமாலைகள். எண்ணினேன், ஏழு மாலை. ஒவ்வொன்றும் கனமான மாலை, வாடாமலிருக்கத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தது.

காவலாளியைப் பிடித்து உலுக்கினேன். ஏழு பெரியவர்களும் விடியற்காலையில் தனித்தனியாக வந்து, கோயிலுக்குப் போகுமுன் தங்கள் மீனுக்கு ஒரு மாலை போடும்படி அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கியிருக்கிறார்கள். அவனும் நல்லவன். ஏணியில் ஏழு தரம் ஏறி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒரே கழுத்தில் ஏழு மாலையையும் போட்டிருக்கிறான். நான் காற்றுக்குக் கணக்குப் பார்த்திருந்தேன், மாலைக்குப் பார்க்கவில்லை. அந்தப் பசைக்கு ஈரமும் ஆகாது.

கூட்டி அள்ளுமுன்னே வண்ணக்கர் வந்துவிட்டார், கோயிலுக்குப் போகும் வழியில் தன் மாலையை ஒருதரம் பார்த்துவிட்டுப் போக. அவருக்குப் பின்னால் குடைக்காரர். பிறகு மற்றவர்கள். ஏழு பேரும் திருநீறும் சந்தனமுமாக வட்டமாக நின்று தரையைப் பார்த்தார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"மருமகன்," என்றார் வண்ணக்கர். "ஏன் ஏழு மாலை?"

மூக்கு அரித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் மீனின் வயிற்றில் குமிழ் இருந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் ஆக வெட்கமாக இருந்தது.

அடி விழும் என்றே நினைத்தேன்.

"ஏழு பேருக்கும் ஒரே காளாஞ்சியை எடுத்துக் குடுத்திருக்கிறாய்," என்றார் வண்ணக்கர். குடைக்காரர் முதலில் குலுங்கத் தொடங்கினார். பிறகு இன்னொருவர். சிரித்தால் திருநீறு கொட்டும் என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தவர்களும் கடைசியில் விட்டுவிட்டார்கள்.

சிரித்து முடித்த பிறகு தீர்ப்பு வந்தது. கோயில் வழக்கில் தீர்ப்பது போல நின்ற நிலையிலேயே தீர்த்தார்கள். முதல் மீனைத் திரும்பச் செய்யக் கூடாது. அந்தக் கம்பி வெறுமனே நிற்கட்டும். முன் இடம் யாருக்கும் இல்லை. மருமகன் திருவிழா முடியுமுன், சாமி வாகனங்கள் நிற்கும் வாகனசாலையின் பன்னிரண்டு ஜன்னலுக்கும் கண்ணாடி போட்டுக் கொடுக்க வேண்டும். ஒருவரும் திரும்பிப் பார்க்காத கண்ணாடி.

அந்தக் கம்பி இன்றும் அப்படித்தான் நிற்கிறது. தவிசாளர் கெட்டிக்காரர். வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிவந்து வெறுங் கம்பியைக் காட்டி, "எங்கட சபையில முதலிடம் மக்களுக்கு," என்கிறார். அவர்களும் தலையாட்டிக்கொண்டு கம்பியைப் படம் எடுக்கிறார்கள். கண்ணாடி இல்லாத இடத்தை அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்கள்.

திருவிழாவின் கடைசி நாள், வாகனசாலை வேலை முடிந்து கை முழுக்கக் கீறலோடு வீட்டுக்கு வந்து புலம்பினேன். இந்த ஊருக்குக் கண் இல்லை, நல்லதைப் பார்க்கத் தெரியாது, இவ்வளவு காலத்தில் என்னுடைய சின்ன மீனை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று கத்தினேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முடியும்வரை விட்டுவிட்டு, "என்ட கண்ணாடியை எப்ப தருவீங்க?" என்றாள்.

"எந்தக் கண்ணாடி?" கை மூக்குக்குப் போய்விட்டது.

"கடைசி மீன் போட்டிருக்கிற கண்ணாடி."

எப்போது கண்டாய் என்று கேட்டேன்.

"திறந்த அண்டைக்கே. முன்னுக்குப் போறது எங்கட இல்ல எண்டு எனக்குத் தெரியும்தானே. எல்லாரும் மேல பார்க்கக்குள்ள நான் பின்னுக்குப் போய்க் கீழ பார்த்தன். நாலு மணி வெயில் அதுட கண்ணுக்குள்ளால வந்து சுவரில ஒரு பொட்டு விழுந்திச்சு. நூல் கோக்கக்குள்ள என்ட கையில விழுற அதே வெளிச்சம். மறுகாலும் ரெண்டு மூண்டு தரம் போய்ப் பார்த்தன்."

"பொட்டா? என்ன பொட்டு?"

"உங்களுக்கு எங்க தெரியும்? நீங்க ஆக்கள்ட முகத்தைத்தானே பார்த்திட்டு நிண்டீங்க."

சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னது உண்மை. ஒட்டி நட்டு முடித்த பிறகு அந்த மீனை நான் ஒரு பின்னேரம்கூட நின்று பார்க்கவில்லை.

அடுத்த நாள் கடையை நேரத்தோடு சாத்திவிட்டுச் சபைக்குப் போனேன். காவலாளியின் கதிரையை வாங்கிப் பின்சுவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். வரி கட்ட வந்தவர்கள் வெறுங் கம்பியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாலு மணியளவில் அறிவித்தல் பலகைக்குக் கீழே, மிளகளவு வெளிச்சம் ஒன்று சுவரில் விழுந்தது. வெயில் இறங்க இறங்க அது மெல்ல ஏறிப் பலகையின் ஓரத்தைத் தொட்டு மறைந்தது. கண்ணாடிக்கடை வைத்த நாளிலிருந்து நான் ஒரு கண்ணாடியைப் பார்த்தது அன்றைக்குத்தான்.